மேலே விழும் லிஃப்ட்

செவ்வியல் இயக்கவியல் தாளில் இரண்டு முறை தோற்றவர்கள் அந்தக் கல்லூரியில் நிறையப் பேர் உண்டு. தோற்ற கையோடு அதே கல்லூரியின் மொட்டைமாடிக்கு ஏறி, லிஃப்ட் மோட்டாருக்கு எண்ணெய் விட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஐந்தரை மணி வகுப்புக்கு இறங்கி வந்தவர் ஒருவர்தான். மாலைக் கல்லூரியின் இயற்பியல் வகுப்பில் அவரை எல்லோரும் லிஃப்டக்கா என்றார்கள். வயது நாற்பத்தொன்று. பக்கத்து இருக்கைக்காரர்களின் வயதை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய அவருடைய வயது வரும் என்று அவர்களே கணக்குப் போட்டுச் சொன்னார்கள்.

"ஏறக்குறையன்னு சொல்லாதீங்கப்பா. பிழை எத்தனை சதவீதம்னு சொல்லுங்க" என்றார் அவர்.

தோற்றவரின் பேச்சு இப்படியா இருக்கும் என்று கேட்கக் கூடாது. லிஃப்டக்காவின் தன்னம்பிக்கைக்கும் மதிப்பெண்ணுக்கும் எந்தக் காலத்திலும் தொடர்பு இருந்ததில்லை.

ஒவ்வொரு லிஃப்டுக்கும் மேலே மோட்டார் அறை என்று ஒன்று உண்டு. அதன் சுவரில் ஓர் அட்டை தொங்கும். அட்டையில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு கட்டங்கள்: ஒன்று வேலை செய்தவருக்கு, மற்றது சோதித்துக் கையொப்பமிடுபவருக்கு. முதல் கட்டத்தில் பத்தொன்பது வருஷமாக லிஃப்டக்காவின் முதலெழுத்து இருந்தது. இரண்டாவது கட்டத்தில் கையெழுத்துப் போட ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓர் ஆய்வாளர் வருவார். நல்ல பையன், வெள்ளைச் சட்டை. வாசற்படியிலேயே நின்று, "எல்லாம் சரிதானேக்கா?" என்பார். "சரிதான்" என்பார் இவர். அவர் கையெழுத்துப் போடுவார்.

"சரின்னு சொல்றது நானு. சரின்னு எழுதறது வேற ஆளு" என்று ஒருநாள் வீட்டில் பொருமினார்.

வீட்டுக்காரர் பல்செட் செய்பவர். முன்னறை மேசையில் யார் யாருடைய வாய்களோ மாவுக்கட்டு அச்சாகத் திறந்து கிடக்கும். அவர் ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்தபடியே கேட்டார்: "எழுதறதுக்கு என்ன வேணுமாம்?"

"அறிவியல் பட்டம்."

"வாங்கிட வேண்டியதுதானே."

கடையில் சோப்பு வாங்கி வரச் சொல்வது போலச் சொன்னார். இவரும் சோப்பு வாங்கப் போவது போலத்தான் போய்ச் சேர்ந்தார். ஒளியியல், வெப்பவியல், மின்னியல் எல்லாம் தேறின. உருளையும் கயிறும் எடையும் கொண்ட பாடம், அவருடைய சொந்த வீடு போன்ற பாடம், அதுதான் வாசலிலேயே நிறுத்தியது.

இதில் அதிகம் மகிழ்ந்தவர் உடன் வேலை செய்யும் கிரீஸ். கையில் ஒரு துளி கிரீஸ் படாமல் நாள் முழுவதும் வேலை செய்யத் தெரிந்தவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். "மெக்கானிக்கு மெக்கானிக்ஸ்ல பெயிலு. இதை நான் யாருகிட்ட சொல்லி அழுவேன்?" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

முதல் தோல்வியின் கதை இது. வினாத்தாளில் ஒரு கேள்வி: லிஃப்டுக்குள் ஓர் எடைக்கருவி மேல் அறுபது கிலோ மனிதர் நிற்கிறார், கயிறு அறுந்துவிடுகிறது, கருவி என்ன காட்டும்? வகுப்பே ஒரே வரியில் 'பூஜ்யம்' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிற்று. லிஃப்டக்கா இரண்டு பக்கம் எழுதினார். லிஃப்டுக்குக் கயிறு ஒன்றல்ல, ஐந்தாறு. எல்லாம் ஒரே நேரத்தில் அறுவது நடக்கிற காரியம் இல்லை. அப்படியே அறுந்தாலும், வேகம் எல்லை தாண்டியதும் பெட்டியின் அடியில் இருக்கும் இரும்புத் தாடைகள் பக்கவாட்டுத் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும். பிடித்த நொடியில் மனிதரின் முழங்கால் மடங்கும், கருவி அறுபதுக்கு வெகு மேலே காட்டும். கடைசியில், லிஃப்டுக்குள் எடைக்கருவியை வைத்தது யார், யாரிடம் அனுமதி கேட்டார்கள் என்றும் கேட்டிருந்தார்.

ஆசிரியை சிவப்பு மையில் எழுதினார்: 'அருமை. மதிப்பெண் 0.'

"அருமைன்னு போட்டிருக்காங்களே" என்றார் வீட்டுக்காரர், தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து.

அந்த ஆசிரியைக்கு வயது இருபத்தெட்டு. எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் கழித்தல் குறி விட்டுப்போயிருக்கிறதா என்றுதான் பார்ப்பார். அதனால் மைனஸ் மேடம். வாரத்தில் மூன்று நாள் தடையின்றி விழும் பொருள்களைப் பற்றி அவ்வளவு தெளிவாகப் பாடம் எடுப்பவர், நாலாவது மாடியில் இருக்கும் துறைக்குத் தினமும் படியேறித்தான் வருவார். லிஃப்ட் என்றால் அவருக்குப் பயம். அதைப் பராமரிப்பவர் தன் மாணவி என்று தெரிந்த பிறகு, அதுவும் அந்த மாணவியின் விடைத்தாளைத் திருத்திய பிறகு, பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

இரண்டாவது தோல்வி இன்னும் நுட்பமானது. அப்படித் தோற்க வேண்டுமானால் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தாக வேண்டும்.

லிஃப்ட் பெட்டியின் கயிறு மேலே ஒரு சக்கரத்தைச் சுற்றி மறுபக்கம் இறங்கும். அங்கே இரும்புப் பலகைகளை அடுக்கி ஓர் எடை தொங்கும். அதுதான் எதிரெடை. பெட்டி ஏறினால் அது இறங்கும். இது பார்ப்பவர்களுக்கு. வேலை செய்கிறவர்களுக்கு அப்படி இல்லை. பெட்டியின் கூரை மேல் ஒருவர் நின்று "மேலே!" என்று குரல் கொடுத்தால் பெட்டி மேலே, கயிறு மேலே, சக்கரம் மேலே, எதிரெடையும் 'மேலே'தான். அது தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தாலும் யாரும் 'கீழே' என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டார்கள். ஒரே ஓட்டத்துக்கு இரண்டு பெயர் வைத்தால், கூரை மேல் நிற்பவரின் விரல் போகும். தொழிலில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்தப் பழக்கத்தை மண்டையில் ஏற்றிவிடுவார்கள்.

அதே பழக்கத்தோடு தேர்வறைக்குப் போனார். பெட்டிக்கு ஒரு சமன்பாடு எழுதினார், மேலே என்று. எதிரெடைக்கு ஒரு சமன்பாடு எழுதினார், அதுவும் மேலே என்று. இரண்டையும் கழித்துப் பார்த்தால் விடை வந்தது: இரண்டும் ஒன்றாகக் கீழே விழுகின்றன, கயிற்றில் இழுவிசை பூஜ்யம். அதாவது, ஒரே நேரத்தில் எல்லாக் கயிறும் அறுவது நடக்கிற காரியம் இல்லை என்று போன வருஷம் இரண்டு பக்கம் எழுதியவர், இந்த வருஷம் அரைப் பக்கத்தில் தானே அறுத்துவிட்டிருந்தார்.

"எத்தனை லிஃப்ட் பாத்திருப்ப! ஒண்ணாவது விழுந்திருக்கா?" என்றார் கிரீஸ். "காகிதத்துல மட்டும் எப்படிம்மா விழுது?"

"அதான் எனக்கும் புரியல" என்றார் லிஃப்டக்கா. அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து கிரீஸ் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று அவர் மேற்கொண்டு கேலி செய்யவில்லை.

கல்லூரி விதிப்படி மூன்று வாய்ப்புகள். மூன்றாவது வாய்ப்பு வாய்மொழித் தேர்வு, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால். அதிலும் போனால் பதிவேட்டிலிருந்து பெயர் போகும், தேறிய மற்ற தாள்களும் அதோடு போகும். வெள்ளைச் சட்டை ஆய்வாளர் வேறு நிறுவனத்துக்குப் போகிறார். கோடைக்குள் பட்டம் வந்தால் அவர் இடம் உங்களுக்கு, இல்லையென்றால் வெளியிலிருந்து ஆள் எடுப்போம் என்று லிஃப்ட் நிறுவனத்தின் மேலாளர் சொல்லிவிட்டார்.

ஆகவே மூன்றாவது வருஷமும் அதே பெஞ்சில், புதிதாக வந்த பத்தொன்பது வயதுகளோடு உட்கார்ந்தார். முதல் இரண்டு வருஷமும் வேலை அதிகமான மாதங்களில் வகுப்புக்கு வராமல் விட்டதுண்டு. இந்த முறை ஒருநாள்கூட விடவில்லை. அதனால்தான், விசைக்குப் பதில் ஆற்றலை வைத்துக் கணக்கிடும் லாக்ராஞ்சியன் முறை தொடங்கிய அன்று அவர் வகுப்பில் இருந்தார்.

மைனஸ் மேடம் கரும்பலகையில் ஓர் உருளை, ஒரு கயிறு, இரண்டு பெட்டிகள் வரைந்தார்.

"இதுல எத்தனை பொருள் நகருது?"

"ரெண்டு" என்றது வகுப்பு.

"எத்தனை எண் தெரிஞ்சா, எது எங்க இருக்குன்னு மொத்தமும் சொல்லிடலாம்?"

"ரெண்டு" என்றது வகுப்பு மறுபடியும்.

"ஒண்ணு போதும்" என்றார் லிஃப்டக்கா. "கயிறு நீளாதே."

மேடம் திரும்பினார். "அந்த ஒண்ணுக்கு என்ன பேர் வைக்கலாம்?"

"மேலே."

வகுப்பு சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. "சரி, மேலேன்னே வச்சுக்குவோம். எழுத வசதியா க்யூ. இப்போ இயக்க ஆற்றல். வேகம் இருமடியா வருது. இருமடிக்கு மேலே கீழே தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ பெட்டிக்கும் எதிரெடைக்கும் ஒரே வேகம் போட்டுக்கலாம், ஒரு தொந்தரவும் இல்ல. அடுத்து நிலையாற்றல். இதுக்கு உயரம் வேணும். க்யூ கூடினா பெட்டியோட உயரம்?"

"கூடும்."

"எதிரெடையோட உயரம்?"

லிஃப்டக்கா கரும்பலகையில் இருந்த இரண்டாவது பெட்டியைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் எதிரெடையின் உயரத்தை அவரிடம் யாரும் தனியாக விசாரித்ததில்லை. "குறையும்" என்றார் மெதுவாக.

"அப்போ அங்க மட்டும் என்ன வரும்?"

"மைனஸ்!" என்று வகுப்பே கூவியது. ஆசிரியையின் முகத்தில் பெருநாள் வந்தது போல ஒரு வெளிச்சம்.

வகுப்பு முடிந்ததும் லிஃப்டக்கா மேசைக்குப் போனார். "மேடம், ரெண்டுக்கும் ஒரே மேலேன்னுதானே போன வருஷம் நான் எழுதினேன்? நீங்க அடிச்சீங்க."

"அது தப்புக்கா, அடிச்சேன்."

"இப்போ?"

"இப்போ சரி."

"அதே மேலேதானே?"

"அதே மேலேதான். போன வருஷம் ஓட்டத்துக்கு வச்ச பேரை உயரத்துக்கும் வச்சிட்டீங்க. ஓட்டம் ஒண்ணுதான். உயரத்தை மட்டும் ஒவ்வொருத்தர் கிட்டயும் தனியா கேட்கணும்."

"இதை முதல் வருஷமே சொல்லியிருந்தா என்ன மேடம்?"

"முதல் வருஷம் இந்தப் பாடம் நடத்துறப்போ நீங்க வரலையேக்கா. லிஃப்ட் நின்னுபோச்சுன்னு போயிட்டீங்க."

அது உண்மை. இந்த லிஃப்ட்தான் அன்று நின்றது.

அடுத்த மூன்று மாதம் ஊரிலுள்ள மோட்டார் அறைகளின் சுவரெல்லாம் சுண்ணக்கட்டியால் நிரம்பியது. மதிய இடைவேளையில் லிஃப்டக்கா ஊசல்களையும் உருளைகளையும் சாய்தளத்தில் உருளும் வளையங்களையும் எழுதித் தள்ளினார். கிரீஸ் டீயை உறிஞ்சியபடி ஒவ்வொரு வரி முடிவிலும் "மைனஸ் விட்டியா?" என்று கேட்பார். அவருக்கு ஓர் எழுத்தும் புரியாது. ஆனால் பத்தில் இரண்டு தடவை அந்தக் கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. வீட்டுக்காரரோ தன் தொழிலிலிருந்தே தைரியம் சொன்னார்: "மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் குறி மாத்திட்டா என் பல்செட்டும் வாய் மூடாதும்மா. நான் கத்துக்கலையா?"

வாய்மொழித் தேர்வு ஒரு காலை நேரம். வேலையிலிருந்து நேராக வந்ததால் லிஃப்டக்கா நீல நிற வேலை உடுப்பிலேயே இருந்தார். வெளித் தேர்வாளர் தலை நரைத்தவர், கனத்த சரீரம், லிஃப்டில் ஏறி வந்திருந்தார். மைனஸ் மேடம் பக்கத்தில் பென்சிலோடு, படியேறி வந்த மூச்சு அடங்காமல் உட்கார்ந்திருந்தார்.

முதல் கால் மணி நேரம் சுமுகமாகப் போனது. தனி ஊசல் கேட்டார், சொன்னார். மைய விசை கேட்டார், ஓர் இடத்தில் தடுக்கி எழுந்து சொன்னார். பிறகு தேர்வாளர் நீல உடுப்பின் நெஞ்சில் இருந்த லிஃப்ட் நிறுவனத்தின் பட்டையைப் படித்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"நீங்க அந்தத் தொழிலா? அப்போ உங்க சரக்குலேர்ந்தே கேட்கிறேன். என் பழைய கேள்வி. காலி லிஃப்ட் நாலாவது மாடியில நிக்குது. எதிரெடையும் இருக்கு. மோட்டார்ல மின்சாரம் இல்ல, பிரேக்கும் விட்டுப்போச்சு. கீழே விழற முடுக்கம் என்ன?"

மேடத்தின் பென்சில் நின்றது. 'அருமை, மதிப்பெண் 0' என்று தன் கையால் எழுதியது அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கண்ணை ஒரு நொடி மூடிக்கொண்டார். லிஃப்டக்காவுக்கும் அதே நினைவுதான். 'கீழே' என்று ஆரம்பித்து ஏதாவதொரு எண்ணைச் சொன்னால் போதும், மனிதர் மதிப்பெண் போடத் தயாராகப் பேனா மூடியைக் கழற்றி வைத்திருக்கிறார்.

"கீழே விழாதுங்க சார்" என்றார்.

"விழாதா?"

"மேலே போகும்."

"அம்மா, இது இயக்கவியல் தேர்வு. மந்திர வித்தை இல்ல."

"எடை எதுவும் நீங்க சொல்லலையே சார். நானே எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க."

எழுந்து கரும்பலகைக்குப் போனார். பெட்டி எண்ணூறு கிலோ. எதிரெடை ஆயிரத்து நூறு. க்யூ, மேலே. இயக்க ஆற்றலில் இருமடி. நிலையாற்றலில் பெட்டிக்கு ஒரு கூட்டல், எதிரெடைக்கு ஒரு கழித்தல். அந்தக் கழித்தல் குறியை மட்டும் வகுப்பின் கடைசி பெஞ்சுக்கும் தெரிகிற மாதிரி நீளமாக இழுத்தார். வகைக்கெழு எடுத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் முந்நூறு பங்கு புவியீர்ப்பு, நொடிக்கு நொடி ஒன்றரை மீட்டர், கூட்டல் குறியோடு. மேலே.

தேர்வாளர் எழுந்து பலகையருகே வந்தார். விட்டுப்போன மைனஸ் ஒன்றைத் தேடினார். பழக்க தோஷத்தில் மேடமும் வந்து தேடினார். இரண்டு பேருக்கும் கிடைக்கவில்லை.

"சக்கரத்தை விட்டுட்டீங்க" என்றார் அவர் கடைசியில்.

"விட்டுட்டேன் சார். சேர்த்தா கொஞ்சம் மெதுவாகும், திசை மாறாது. கயிறோட எடையையும் விட்டுட்டேன். பெட்டி மேல நிக்கிறதால கயிறெல்லாம் எதிரெடை பக்கம்தான் தொங்குது. அது இன்னும் கொஞ்சம் மேலதான் இழுக்கும்."

"எதிரெடை எதுக்கு லிஃப்டை விடக் கனமா இருக்கணும்?"

"ஆள் ஏறுவாங்களே சார். காலியா ஓட்டறதுக்கா லிஃப்ட் வாங்கறாங்க? பாதி ஆள் ஏறினா ரெண்டு பக்கமும் சமமாகிற மாதிரி வைப்போம். அப்பதான் மோட்டாருக்கு வேலை கம்மி."

"நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா, மேலே போறதை?"

"மாசத்துக்கு ரெண்டு தடவை. மின்சாரம் போயி ஆள் மாட்டிக்கிட்டா, பிரேக்கைக் கையால கொஞ்சம் கொஞ்சமா விடுவோம். உள்ள ஒருத்தர் ரெண்டு பேருன்னா மேல் மாடியில போய்க் கதவைத் திறப்போம். கூட்டமா இருந்தா கீழ் மாடியில."

தேர்வாளர் உட்கார்ந்தார். பேனா மூடியை எடுத்தார், மூடவில்லை. "இருபது வருஷமா இந்தக் கேள்வியைக் கேட்டுட்டு வரேன்."

"எல்லாரும் என்ன சொன்னாங்க சார்?"

"கீழேன்னு சொன்னாங்க."

"மார்க் போட்டீங்களா?"

"போட்டேன்."

லிஃப்டக்காவுக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. "அதுவும் தப்பில்ல சார். நீங்க எதிரெடையைக் கம்மியா வச்சுக் கட்டியிருக்கீங்க. அப்படியும் கட்டலாம். மோட்டார்தான் பாவம்."

மைனஸ் மேடம் குனிந்து, பென்சிலைத் தேடுவது போல மேசைக்கடியில் முகத்தை வைத்துக்கொண்டார். தேர்வாளர்தான் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே ஏதோ எழுதி, உறையில் போட்டு ஒட்டினார்.

வெளியே வந்ததும் லிஃப்டக்கா மரியாதையாக லிஃப்ட் பொத்தானை அழுத்தி, கதவைப் பிடித்துக்கொண்டார். "வாங்க சார்."

தேர்வாளர் உள்ளே எட்டிப் பார்த்தார். மேற்கூரையைப் பார்த்தார். "இல்லம்மா, காலுக்கு நடை நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"நல்லாத்தான் சார் இருக்கு. நான்தான் பராமரிக்கிறேன்."

"அது தெரியும்மா."

"இந்தப் பக்கம் சார், வாங்க. எத்தனை படின்னு எனக்கு அத்துப்படி" என்று மைனஸ் மேடம் அவரை மகிழ்ச்சியோடு அழைத்துப் போனார். இயற்பியல் கற்ற இருவரும் படியில் இறங்க, மெக்கானிக் லிஃப்டில் தனியாக இறங்கினார். ஒற்றை ஆளை ஏற்றிய பெட்டியை விட எதிரெடைதான் கனம். கீழே போவதற்கு மோட்டார் முனகிக்கொண்டு உழைத்தது. அந்த முனகல் அவர் காதுக்கு நன்றாகவே இருந்தது.

அறுபத்தொன்று மதிப்பெண் வந்தது, தேறிவிட்டார். "எடுத்துக்கொண்ட எடைகளைக் கூறாமல் எவரும் இனி இக்கேள்வியைக் கேட்க வேண்டாம்" என்று தேர்வாளர் அறிக்கையில் ஒரு வரி சேர்த்திருந்ததாக மேடம் பின்னால் சொன்னார்.

கோடைக்குப் பிறகு ஒரு முற்பகல். கல்லூரியின் மோட்டார் அறை. லிஃப்டக்கா வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்றார். உள்ளே கிரீஸ், வழக்கம்போல அழுக்கில்லாத கையோடு.

"எல்லாம் சரிதானே?" என்று கேட்டார், அந்தப் பழைய குரலிலேயே.

"சரிதாங்க ஆபீசரம்மா. போட்டுடுங்க கையெழுத்த" என்றார் கிரீஸ், இடுப்பு வரை வளைந்து.

லிஃப்டக்கா போடவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு உள்ளே வந்தார். பிரேக் கட்டையில் அளவியை வைத்தார். கட்டையின் தடிமன் மூன்று மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இரண்டே முக்கால் இருந்தது. அட்டையைப் புரட்டினார். போன மாதம் மூன்று என்று எழுதி, வேலை செய்தவர் கட்டத்தில் முதலெழுத்துப் போட்டிருந்தது அவரேதான்.

"கால் மில்லிதானேம்மா" என்றார் கிரீஸ். "போன மாசம் நீயே விட்ட."

"போன மாசம் மூணு இருந்துச்சு, விட்டேன். இப்ப வித்தியாசம் கால் மில்லிதான். ஆனா மைனஸ் பக்கம்."

"பட்டம் வாங்கினதுக்கு மொத கையெழுத்து இதுவா? உன் வேலையை நீயே சரியில்லைன்னு எழுதப் போறியா?"

"வேற யாரு எழுதுவா?"

'சரியில்லை. பிரேக் கட்டை மாற்றும் வரை ஓட்டக் கூடாது' என்று எழுதி, இரண்டாவது கட்டத்தில் முழுப் பெயரையும் எழுத்துக்கு எழுத்து நிறுத்திக் கையெழுத்துப் போட்டார். கட்டம் சிறியது, பெயரின் வால் மேலே இருந்த முதல் கட்டத்துக்குள் போய், அங்கிருந்த முதலெழுத்தின் மேல் ஏறிக்கொண்டது.

பிறகு பிரதான இணைப்பை அணைத்து, அறிவிப்புப் பலகையை மாட்டிவிட்டு, நாலு மாடியையும் படியில் இறங்கினார். மூன்றாவது மாடித் திருப்பத்தில் மைனஸ் மேடம் ஏறி வந்துகொண்டிருந்தார்.

"என்னக்கா, நீங்களும் படியிலயா?"

"லிஃப்டை நிறுத்திட்டேன் மேடம்."

"யாரு பாத்துக்கிட்ட லிஃப்ட்?" என்றார் மேடம், தெரிந்தே.

"நான்தான்" என்றார் லிஃப்டக்கா, தலையை நிமிர்த்தி.